தொப்பைச் சாமியும் குப்பைத் தொட்டியும்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அரைமணி நேரம் எந்தப் பங்கிலும் பிள்ளைகளின் ஆட்சிக்காலம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டிய ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலம் அது. 2019-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கித் திரும்பிய அன்பர் ஒருவர், பேரப்பிள்ளைகள் படித்துத் தீர்த்த படப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து, “நம்ம பிள்ளைங்களுக்கு ஆகும் சாமி” என்று சொல்லி அறைவீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

பெட்டியைச் சுற்றிக் கூட்டம் சேர நேரமாகவில்லை. ஜேன் யோலன் என்ற அம்மையார் எழுதி, மார்க் டீக் என்பவர் படம் வரைந்த டைனோசர் புத்தகம் ஒன்று அதில் இருந்தது. 2000-இல் வெளிவந்தது. வீட்டின் கூரையை முட்டும் உயரத்தில் ஒரு டைனோசர் கட்டிலருகே நின்று, உறங்கப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதன் தாயோ நம்மைப் போன்ற சிறு மனித உருவம். படத்தைப் பார்த்து முதலில் சிரித்தவள், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடியாக்காரத் தொழிலாளி ஒருவரின் மகள். அவளுக்குத் தமிழே அப்போதுதான் வந்துகொண்டிருந்தது, ஆங்கிலம் அறவே தெரியாது. அவள் சிரிக்க, அதைக் கண்டு மற்றவர்கள் சிரிக்க, திண்ணை முழுவதும் சிரிப்பாயிற்று. அந்தச் சிரிப்பினூடே, இருமல் வந்த சிறுவன் ஒருவன் நம்மை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டதை நாம் கவனித்தோம். ஆறு மாதமாக மறைக்கல்வி ஆசிரியை சொல்லியும் நடவாத காரியம் அது.

பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் படித்த நாள்களில், செயல், நோக்கம், சூழல் எனப் பகுத்துப் பகுத்துத் தேர்வெழுதியவர்கள் நாம். மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பது எவ்வகையில் அடங்கும் என்று எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. ஆனால் பங்குக்கு வந்த முதல் வாரமே தாய்மார்கள் நம்மிடம் கொண்டுவரும் வழக்குகள் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தவையே. “சாமி, பெரியவங்க வந்தா எழுந்திருக்க மாட்டேங்கிறான்.” “எதுத்து எதுத்துப் பேசறா சாமி.” பாவ மன்னிப்புக்கும் அடங்காமல், காவல் நிலையத்துக்கும் அடங்காமல், நடுவில் நிற்கும் இந்தச் சிறு ஒழுக்கங்களை யார் கற்றுக்கொடுப்பது, எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தமிழர்க்கு இது புதிய கேள்வியன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையைப் பெருவாயின் முள்ளியார் இதற்கென்றே பாடினார். நூறு வெண்பாக்களில் குளிப்பது, உடுத்துவது, உண்பது, பெரியோர் முன் நிற்பது என ஒன்றையும் விடவில்லை. உண்ணும்போது வேறெங்கும் பாராதே, பேசாதே என்கிறார். இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் உண்ணச் சொல்கிறார். விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு ஊட்டாமல் தாம் உண்ணலாகாது என்கிறார். இந்தக் கடைசி விதியைப் படிக்குந்தோறும் நமக்கு உள்ளம் நெகிழும். அதே நூலில், யார் தீண்டத்தக்கவர், யார் தூய்மையானவர் என்ற பழைய கணக்கும் ஆங்காங்கே ஒளிந்திருப்பதையும் மறைப்பதற்கில்லை. ஔவையாரின் ஆத்திசூடியோ அகர வரிசையில் 109 சிறு கட்டளைகள். திண்ணைப் பள்ளி நாள் தொட்டு அதனைப் பாடம் சொல்லாத தமிழ்ப் பிள்ளை இல்லை. இவற்றையெல்லாம் போற்றுகிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நூல்களில் எங்கேனும் ஒரு குழந்தை சிரித்ததாக நமக்கு நினைவில்லை.

இன்னும் ஒரு வகை உண்டு. எழுதுபொருள் கடைகளில் சுருட்டி வைத்து விற்கப்படும் வண்ணச் சுவர்ப்படங்கள். அவற்றுள் ‘முன்மாதிரிச் சிறுவன்’ என்னும் படம் மிகவும் பேர்பெற்றது. அதில் வரும் சிறுவன் அதிகாலையில் எழுகிறான், பெற்றோரை வணங்குகிறான், பல் துலக்குகிறான், நேரத்துக்கு உண்கிறான், வழி தவறிய குழந்தையைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறான். சென்னையில் இயங்கும் தாரா பதிப்பகத்தார் இத்தகைய சுவர்ப்படங்களைத் தொகுத்து 2001-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். நாம் படித்த பள்ளியிலும் இதைப் போன்ற ஒன்று தொங்கியது. அந்தச் சிறுவனின் மாறாத வகிடும் சிவந்த கன்னமும் நமக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. அவனைப் போல் ஆகவேண்டும் என்று நாம் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அவன் சட்டையில் ஒருமுறையாவது சாம்பார் சிந்தவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டோம்.

பாரதியார் 1915-இல் பாப்பா பாட்டைத் தந்தார். பின்னர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை வந்தார். ஆனால் குழந்தைகளுக்காகவே வாழ்ந்தவர் என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால், இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பாவைத்தான் சுட்டுவோம். பகலில் இந்தியன் வங்கியில் கணக்குப் பார்த்தவர், மிஞ்சிய நேரத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1989 மார்ச்சில் மதுரைப் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் குழந்தை இலக்கியத்தைப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிவிட்டு அமர்ந்தவர், அங்கேயே மயங்கிச் சரிந்து உயிர் நீத்தார் என்பர். அவருடைய பாட்டுகளில் யானைக்கும் எலிக்கும் பேச்சு உண்டு, கேலி உண்டு. அறிவுரை இருக்கும், ஆனால் அது விரலை நீட்டிக்கொண்டு நிற்காது.

அமெரிக்கப் பெட்டிக்கு மீள்வோம். அந்தப் புத்தகங்களைத் தமிழில் சொல்லித் தரலாம் என்று மறைக்கல்வி ஆசிரியைகளும் நாமும் உட்கார்ந்தோம். முதற்பக்கத்திலேயே சக்கரம் சேற்றில் சிக்கியது. அந்நூல்களில் எதைக் கேட்டாலும் ‘ப்ளீஸ்’, எதைப் பெற்றாலும் ‘தேங்க் யூ’. இவற்றுக்குத் ‘தயவுசெய்து’, ‘நன்றி’ என்று எழுதிப் பார்த்தோம். ஆனால், அன்பர்களே, தண்ணீர் கொடுத்த தாயிடம் ‘நன்றி’ என்று சொல்லும் தமிழ்க் குழந்தை நம்மிடையே எத்தனை? சொன்னால் அந்தத் தாய், “என்னடா, கோவமா?” என்று கேட்பாள். ‘தயவுசெய்து’ என்பதோ அலுவலகச் சுவர்களில் எழுதி ஒட்டும் சொல். ஆவடி வண்டியில் செல்வோர் நாள்தோறும் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று கேட்கிறார்கள். அந்தக் கனிவை வீட்டுக்கு எடுத்துச் சென்றவரை நாம் கண்டதில்லை.

அப்படியானால் தமிழில் பணிவு இல்லையா? உண்டு, அது வேறிடத்தில் உறைகிறது. ‘வா’ என்பது ‘வாங்க’ ஆகும்போது அந்த ஒரு விகுதியில் ப்ளீஸும் தேங்க்யூவும் அடங்கிவிடுகின்றன. வீட்டைவிட்டுக் கிளம்பும் குழந்தை ‘போறேன்’ என்று சொன்னால் பாட்டி பதறுவாள். ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவேண்டும். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்பார்கள். கால் பட்டுவிட்டால் வாய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும். நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம் என்று இவற்றை இலக்கணத்திலேயே சேர்த்துவிட்டார். அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வதை இலக்கண விதியாக்கிய மொழி இது. ஆகவே மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, நாமே எழுதுவது என்று முடிவாயிற்று.

ஓசையிலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். ஆங்கிலப் பாட்டின் சிரிப்பு வரியின் கடைசியில் இருக்கிறது. அடுத்த அடியின் முடிவில் என்ன ஒலி வரப்போகிறது என்று குழந்தை காத்திருந்து, வந்ததும் குதிக்கிறது. தமிழில் இறுதிச் சொல்லை ஒத்திசைப்பது மிகவும் எளிது. வந்தான், சென்றான், தின்றான் என்று எவரும் அடுக்கலாம், அதனாலேயே அதில் வியப்பில்லை. நமது வியப்பு அடியின் தொடக்கத்தில், எதுகையில் இருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் சொற்களைத் தேடும்போது, ஒன்றோடொன்று உறவேயில்லாத பொருள்கள் கைகோத்துக்கொண்டு வந்து நிற்கும். அந்தப் பொருந்தாத உறவுதான் குழந்தையைச் சிரிக்கவைக்கிறது. எதுகை எழுதுகிறவனைக் குருடனாக்கவும் வல்லது. இதை நாம் அப்போது அறியவில்லை.

மே மாத விடுமுறை விவிலியப் பள்ளிக்குப் பன்னிரண்டு பாட்டுகள் எழுதினோம். குருத்துவக் கல்லூரிக் கையெழுத்து இதழில் கவிதை எழுதிய பழைய செருக்கு நம்மில் இன்னும் மிச்சமிருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் பங்கு இளம்பெண் ஒருத்தி அட்டைகளில் படம் வரைந்து தந்தாள். பாட்டுகளில் எல்லாத் தவறுகளையும் செய்யும் சிறுவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. துப்பு, தப்பு, உப்பு, சப்பு, குப்பை என்று தமிழில் அசுத்தத்துக்கும் அடாவடிக்கும் உரிய சொற்கள் பலவும் ஒரே எதுகையில் வந்து விழுவதால் ‘அப்பு’ என்று வைத்தோம். அவற்றுள் மிகச் சிறந்தது என்று நாம் மகிழ்ந்த பாட்டு இது:

குப்பைத் தொட்டி கேட்டதாம்:
“அப்பு, நீயும் என் உறவா?
துப்பும் சளியும் சட்டையிலே
அப்பிக் கொண்டு வருகிறாய்!”

பள்ளியின் நிறைவு நாளில் இதைப் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். அட்டைப் பெட்டிக்குள் புகுந்துகொண்ட ஒருவன் குப்பைத் தொட்டி. அவன் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி இரண்டாம் அடியைச் சொன்னபோது, அரங்கில் இருந்த பிள்ளைகள் மேடையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். திருமுழுக்குப் பெயர் வேறு, வீட்டிலும் தெருவிலும் அவனை அழைப்பது அந்தப் பெயரால். எந்நாளும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் பிள்ளை. அப்போதும் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. பெற்றோர் சிரித்தார்கள். பொருத்தத்தைக் கண்டு நாமும் சிரித்தோம். நம் பாட்டு இவ்வளவு வெற்றி பெற்றதே என்று மகிழ்ந்ததும் உண்மை.

ஜூன் முதல் அவன் மறைக்கல்விக்கு வரவில்லை. நாம் கவனிக்கவுமில்லை. ஜூலையில் ஒரு நாள் மாலை, அவன் பாட்டியார் இறந்த கணவருக்காகத் திருப்பலிக் கருத்துக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார். பணத்தை எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

“என்னம்மா?” என்றோம்.

“ஒண்ணுமில்ல சாமி. பேரப்பையன பாட்டுல வெச்சிட்டீங்களே, அதச் சொல்லிட்டுப் போகலாம்னு.”

அது வேறு அப்பு, கற்பனை என்று நாம் ஏதோ சொன்னோம்.

“அது உங்களுக்குத் தெரியும் சாமி. தெருப் பசங்களுக்குத் தெரியாதே. குப்பத்தொட்டி சொந்தக்காரன்னு கூப்பிடுறானுங்க. இப்ப பள்ளிக்கூடத்திலயும் அதான் பேரு. அவன் வேணும்னா செய்றான்? மூக்குல சத வளந்திருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டி, வயசு ஆகட்டும் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்குப் பின்னாடி லேத்துப் பட்டற, எதிரே பவுடர் கோட்டிங். எனக்கே மூச்சு முட்டுது.” சற்று நிறுத்தி, “மூக்கத் தொடைக்கச் சொல்லிக் குடுக்கிறது நல்லதுதான் சாமி. கைக்குட்டையும் குடுத்திருக்கலாம்” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் கோபப்படவில்லை. அன்றிரவு செபமாலை முடிந்தும் உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டைத் தேடிச் சென்றோம். ஒரே சுவரில் அடுத்தடுத்து ஆறு கதவுகள் கொண்ட வரிசை வீடுகள். தாய் ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் தையல் வேலை, தந்தைக்கு அன்று இரவுப் பணி, பகலில் உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப வேண்டாம் என்றோம். சிறுவன் நம்மைக் கண்டதும் நீலத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். “நான் எழுதினது தப்பு தம்பி, மன்னிச்சுக்கோ” என்று பீப்பாயைப் பார்த்துச் சொன்னோம். பதில் இல்லை. வாங்கிச் சென்ற பிஸ்கட் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அந்தப் பொட்டலம்தான் உறுத்தியது.

அதன்பின் இவ்வகை நூல்களைத் தேடித் தேடிப் படித்தோம். நாம் மட்டும் செய்த பிழையா இது என்று அறியும் ஆவல், ஒருவகையில் தற்காப்பும்கூட. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோப்மன், 1844-இல் தம் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் வாங்கச் சென்று, கடையில் இருந்தவையெல்லாம் வறண்ட அறிவுரையாக இருக்கவே, வெற்று ஏடு ஒன்றை வாங்கி வந்து தாமே படமும் பாட்டும் எழுதினார். அடுத்த ஆண்டில் அச்சேறிய அந்த ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’ உலகமெங்கும் பரவியது. அதில் விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் கத்தரியால் வெட்டிவிடுகிறார். சூப் குடிக்க மறுத்த பையன் ஐந்தாம் நாள் இறந்துபோகிறான். ஆங்கிலத்தில் ஹிலேர் பெல்லாக், நம் கத்தோலிக்க எழுத்தாளரேதான், 1907-இல் இதே பாணியைக் கேலி செய்து ஒரு நூல் எழுதினார். அதில் செவிலியின் கையை விட்டு ஓடிய சிறுவனைச் சிங்கம் தின்கிறது. பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூக்கு ஒழுகும் பிள்ளை ஒன்று அந்த வரிசையில் அமர்ந்திருந்தால் அதற்கும் சிரிப்பு வருமா என்று நாம் இப்போது கேட்டுப் பார்க்கிறோம்.

நம்மை உண்மையில் நாணவைத்தது உருசிய நூல் ஒன்று. கோர்னெய் சுகோவ்ஸ்கி 1923-இல் வெளியிட்ட ‘மொய்தொதீர்’. அதில் அழுக்குப் பையனைக் கண்டு போர்வை ஓடுகிறது, தலையணை ஓடுகிறது, கைகழுவும் தொட்டி ஒன்று கால் முளைத்து வந்து அவனை ஏசுகிறது. நம் குப்பைத் தொட்டிக்கு அண்ணன் முறை. ஆனால் கதையின் முடிவில் சிறுவன் சோப்புப் போட்டுக் குளித்ததும் ஓடிப்போன பொருள்கள் எல்லாம் அவனிடம் திரும்பி வருகின்றன, ஏசிய தொட்டியே அவனைக் கொஞ்சுகிறது. நமது நான்கு அடிகளில் அப்புவிடம் எதுவும் திரும்பி வரவில்லை. குப்பைத் தொட்டி அருகே அவனை நிறுத்திவிட்டு நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். நாத்திக நாடென்று நாம் சொன்ன நாட்டில் வாழ்ந்த கவிஞருக்கு நினைவிருந்த ஊதாரி மைந்தன் கதை, அதை ஆண்டுதோறும் தவக்காலத்தில் மறையுரையாற்றும் நமக்கு மறந்துவிட்டது.

அமெரிக்கரான ஜெலட் பர்கஸ் வேறொரு வழி கண்டிருந்தார். 1900-இல் அவர் படைத்த ‘கூப்’ என்னும் இனம் மனிதக் குழந்தையே அல்ல. பந்து போன்ற மொட்டைத் தலை, விரலை நக்கும், கூச்சலிடும். குழந்தை தன் தவறு அனைத்தையும் அதன் தலையில் ஏற்றிவிட்டுத் தான் நீதிபதியாக அமர்ந்துகொள்ளலாம். நல்ல தந்திரம். ஆயினும் மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, அந்த மொட்டைத் தலை யாரைப் போல் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?

2020 மார்ச்சில் ஆலயங்கள் அடைக்கப்பட்டன. உலகம் முழுவதும் பெரியவர்களே தும்மவும் கைகழுவவும் புதிதாகக் கற்ற காலம் அது. சென்னையில் காவல் ஆய்வாளர் ஒருவர் கொரோனா உருவத்தில் தலைக்கவசம் அணிந்து சாலையில் நின்று வண்டி ஓட்டிகளை மிரட்டினார். அந்தப் படம் நாடெங்கும் சுற்றியது. ஆனால் சிரிப்பு ஒருபுறம் இருக்க, தும்முகிறவனைக் கண்டால் கூட்டம் விலகி ஓடிய நாள்களும் அவையே. நிவாரணப் பொருள் பெற வந்த அந்தப் பாட்டியார், பேரனை வரிசையில் நிற்கவைக்க முடிவதில்லை, மூக்கை உறிஞ்சினாலே முறைக்கிறார்கள் என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆளில்லாத அறைவீட்டில் அலமாரியைத் துப்புரவு செய்தபோது பரமார்த்த குரு கதை கையில் அகப்பட்டது. பள்ளி நாளில் படித்தது. நம் வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதி, 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் தமிழோடு அச்சிட்ட நூல். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள். ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பார்கள், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவார்கள். எத்தனை முறை படித்தும் கண்ணில் படாத ஒன்று அன்று பட்டது. சீடர்களைவிடப் பெரிய முட்டாள் அவர்களின் குரு. இத்தாலியிலிருந்து வந்து, தாமே குருவாக, முனிவராக ஊர்மக்கள் நடுவே வாழ்ந்த ஒருவர், கேலிக்குரியவராக ஒரு குருவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் வேறு சமயத்துக் குருக்களைத்தான் பழித்தார் என்று சொல்வாரும் உண்டு. அந்த வாதத்தில் நாம் இறங்கவில்லை. படிக்கும் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம், மேலே அமர்ந்திருப்பவர் குதிரையிலிருந்து விழுகிறார் என்பது மட்டுமே.

பழைய அட்டைகளை அன்று பிற்பகலே கிழித்தோம். அதே எதுகை, வேறு ஆள்:

தொப்பைச் சாமி தும்மினார்,
கப்பல் மூன்று கவிழ்ந்தன!
அப்பம் சுட்ட ஆயாவின்
முப்பது தோசை பறந்தன!

அப்பம் சுட்ட ஆயாவிடம் தோசை எப்படி வந்தது என்று எவரும் கேட்கலாம். பிள்ளைகள் கேட்டார்கள். அதுவும் ஒரு சிரிப்பாயிற்று. நமக்குத் தொப்பை உண்டு என்பதைப் பங்கு முழுவதும் அறியும். ஆகவே எவரும் எந்த வரிசையையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

2022 மே மாதம் விடுமுறை விவிலியப் பள்ளி மீண்டும் தொடங்கியது. நாம் முன்னால் நின்று பாட்டைச் சொல்லி, தும்மியும் காட்டினோம். வாயருகே கையைக் கொண்டுபோகும்போது, வாசற்படியில், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றிருந்த ஒருவன் உரக்கச் சொன்னான்: “சாமி, கையில தும்மக்கூடாது. முழங்கைய மடக்கி அதுல தும்மணும். எங்க டீச்சர் சொன்னாங்க.”

பத்து வயதுக்கு உயரமாகியிருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் சொன்னான். கையில் கைக்குட்டை இருந்தது. நாம் முழங்கையை மடக்கி இன்னொரு முறை தும்மினோம். “இன்னும் மேல, சாமி” என்றான். அதற்கும் மேலே தூக்கினோம். உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தான்.

அந்தப் பத்து நாளில் பிள்ளைகளே தொப்பைச் சாமிக்குப் பதினோரு பாட்டுகள் கட்டினார்கள். சாமி செருப்புக் காலோடு கோலத்தை மிதித்தது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பந்தியில் பக்கத்து இலையில் பாயசம் குடித்தது, வரிசையில் நுழைந்ததற்கு மாடு முட்டியது. சிலவற்றில் எதுகை இல்லை, ஒன்றில் பொருளே இல்லை. மாற்றவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் படம் வரைந்தார்கள். தும்மல் பாட்டுக்கு யார் வரைவது என்ற போட்டியில் அவன் கையைத் தூக்கினான். நகலகத்தில் நாற்பது பிரதிகள் எடுத்து, பின்னடித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம்.

நமது பிரதி இதோ மேசைமேல் இருக்கிறது, பங்கு மாறி வந்த பின்னும். தும்மல் பக்கத்தில், பூசணிக்காய் போன்ற வயிற்றோடு நாம் நிற்கிறோம். மூக்கு முகத்தில் பாதி. மூன்று கப்பல்கள் கவிழ்ந்திருக்கின்றன. தோசைகளை எண்ணிப் பார்த்தோம், சரியாக முப்பது இருக்கின்றன. வலது மூலையில் ஒரு குப்பைத் தொட்டி. அதற்கு இரண்டு கண்கள் வரைந்திருக்கிறான், வாய் வரையவில்லை. படத்தைக் கொடுத்த அன்றே அதை நாம் பார்த்தோம். மறந்துவிட்டாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வாங்கிக்கொண்டோம்.